விரல்கள் பிடித்துக்கொள்ள ஒரு கட்டை

என் வலது கை ஆட்காட்டி விரல் என்னை முதல் தடவை கைவிட்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கூடத்தில் உட்கார்ந்து வர்ணம் வாசித்துக்கொண்டிருந்தேன். மீட்டப் போன விரல், தந்தியைத் தொட்டதும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. நான் மடக்கவில்லை, அதுவாக மடங்கியது. விரித்துவிட்டு மறுபடி மீட்டினேன். மறுபடி சுருண்டது. மழைக்காலம் தொடங்குவதற்குள் நடுவிரலும் அதோடு கூட்டு சேர்ந்துகொண்டது. வீணையில் பாட்டை மீட்டுவதற்கு இருப்பதே அந்த இரண்டு விரல்கள்தான்.

வேறு எந்த வேலைக்கும் அவை சண்டித்தனம் செய்யவில்லை என்பதுதான் கொடுமை. அரிசியில் கல் பொறுக்கின. பூத் தொடுத்தன. ஃபோர்ட்டில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அங்கே மெஷின் மேல் பிசகில்லாமல் ஓடின. மாட்டுங்கா வீட்டுக்குத் திரும்பி வந்து வீணையை மடியில் வைத்தால் மட்டும் சுருண்டுகொள்ளும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவார்கள்? செம்பூரிலிருந்து வந்த சித்தி, நான் கேட்கும்படியே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். பதினாறு வருஷமாக வாசிக்கிறவளைப் பார்த்து அப்படிச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் குடித்த காபி டம்ளரை நான் கழுவவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்த பழிவாங்கல்.

அம்மா திருஷ்டி என்றாள். "போன நவராத்திரிக்கு வந்தவா அத்தனை பேரும் உன் விரலையேதான் பாத்துண்டிருந்தா" என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். அப்பாவுக்கு எதற்கும் ஒரே மருந்துதான். "பிராக்டீஸ் போறலை." ஆபீஸிலிருந்து வந்ததும் உட்கார்ந்து, சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்காமல் வாசித்தேன். வாசிக்க வாசிக்க விரல்கள் இன்னும் இறுக்கமாகச் சுருண்டன. துடைப்பக்குச்சியை வைத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மீட்டிப் பார்த்தேன். குச்சி ஒடிந்தது. சயான் பக்கம் ஒரு டாக்டர் விரலை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டு, உடம்பு பலவீனம் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக் குடித்து எனக்குப் பசி எடுத்ததுதான் மிச்சம்.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்று இப்போது கேட்கிறார்கள். எனக்கு வேறு என்ன இருந்தது? பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கும் முகம் இல்லை. வாயைத் திறந்தால் குத்தலாகத்தான் பேச்சு வரும். வீணையை எடுத்தால் மட்டும் வீட்டுக்கு வந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில்தான் நான் என்னையே சகித்துக்கொண்டேன். அது போய்விட்டால் மிச்சம் இருக்கிறவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

ஆவணி மாதம் அப்பா முடிவைச் சொன்னார். மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வாசிக்காத வீணை ஆத்துல இருக்கப்படாது. இந்த விஜயதசமி அன்னிக்கு நீ வாசி. முடியலைன்னா செம்பூருக்குக் குடுத்துடலாம். அங்க குழந்தை நன்னா வாசிக்கறா."

செம்பூர்க் குழந்தை என்பது சித்தியின் பெண். சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களோடு வீணையையும் பட்டுத்துணி போர்த்திப் பூஜையில் வைப்போம். அன்று முழுக்க யாரும் படிக்கக் கூடாது, வாசிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து வாசித்தால்தான் அந்த வருஷத்து வித்தை தொடங்கியதாகக் கணக்கு. எங்கள் வீட்டில் அந்த முதல் வாசிப்பு எட்டு வயதிலிருந்து என்னுடையது.

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரி தாராவியில் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஒரு நாள் நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு விரலையே முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க தெருவுல வர்மம் பாக்கிற வைத்தியரு ஒருத்தரு இருக்காரு. எங்க ஊர்க்காரரு. ஞாயித்துக்கெழம வா, காட்டிட்டு வருவோம். போனா என்ன, வெரலப் பிடுங்கியா வச்சுக்கிடப் போறாரு?"

மாட்டுங்காவிலிருந்து தாராவி எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் அங்கே போனதில்லை. வீட்டில் சினேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அது பொய்யும் இல்லை. மழைச் சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோல் காயும் வாசனையைத் தாண்டி அவள் தெருவுக்குப் போனேன். வைத்தியர் எண்ணெய் போட்டுத் தோளிலிருந்து விரல் நுனிவரை அழுத்திவிட்டு, வாரா வாரம் வரச் சொன்னார். வலியில் கண்ணில் நீர் வந்தது. வலித்தால் சரியாகிறது என்று அர்த்தம் என நானே சொல்லிக்கொண்டேன். முழுகுகிறவளுக்குத் துரும்பும் தெப்பம்.

வைத்தியம் முடிந்ததும் சினேகிதி வீட்டில் சாயா. அங்கேதான் அந்தக் கிடாரைப் பார்த்தேன். ஒரு ஹோட்டல் பேண்டில் வாசித்துவிட்டு வெளிநாடு போன ஆளிடமிருந்து அவள் தம்பி அதை வாங்கியிருந்தான். நாலே தந்தி. ஒவ்வொன்றும் துணி காயப்போடும் கயிறு மாதிரி. 'பேஸ் கிடார்' என்றான். பழைய வால்வ் ரேடியோவோடு இணைத்து அவன் மீட்டினால் தகரக் கூரை அதிரும். அவனும் அதே தெருப் பையன்கள் இரண்டு பேரும் சேர்ந்து கோவிலில் கிறிஸ்துமஸுக்கு வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கிடாரின் முகப்பில், தந்திகள் ஓடும் இடத்துக்குக் கீழ்ப்புறமாக ஒரு சின்னக் கறுப்புக் கட்டை இருந்தது. சுண்டுவிரல் நீளம். இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தது. தந்தி எதுவும் அதைத் தொடவில்லை. திருகினால் திரும்பவில்லை.

"இது எதுக்குன்னே தெரியலக்கா" என்றான் தம்பி. "வாசிக்கும்போது வெரலு போயி இதுலதான் முட்டுது. சாலா, ஒரே தொந்தரவு" என்று இந்தியில் வைதான்.

அவன் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "கூட்டும்போது தூக்கி வைக்க ஒரு பிடி வேணும்லா? அதுக்குத்தான்." அவள் அப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சங்கீதம் தெரியும் என்கிற திமிர் எனக்கு. அந்தக் கிடாரைக் கேட்டு வாங்கி, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வீணையைப் போல மடியில் படுக்க வைத்தேன். அப்படி வைத்தால் அந்தக் கட்டை சரியாக என் சுண்டுவிரல் போய் நிற்கும் இடத்தில் இருந்தது. வீணையில் அந்தப் பக்கத்தில்தான் மூன்று தாளத் தந்திகள் ஓடும். சுண்டுவிரலால் மீட்டித் தாளம் போடுவோம். பட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"இதுல மூணு தந்தி இருந்திருக்கு. தாளத் தந்தி. அறுந்து போயிருக்கு. இந்தக் கட்டை அதைத் தாங்கறதுக்குத்தான்."

பாவம், நம்பிவிட்டார்கள். அடுத்த வாரம் நான் போனபோது கம்பி வாங்கி வந்து, அந்தக் கட்டை மேல் ஏற்றி, ஒரு முனையை ஆணியிலும் மறுமுனையைத் தலைப்பக்கத்துத் திருகாணியிலும் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பி அறுந்து ஒருவன் கன்னத்தில் கோடு போட்டது. வீணைக்காரியைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு யோசனை வந்திருக்காது. சினேகிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏ மாட்டுங்காக்காரி, ஒன் வெரல சரி பண்ண வந்தியா, அவம் மூஞ்சியப் பேக்க வந்தியா?" நானும் சிரித்தேன். அந்த மழைக்காலம் முழுவதிலும் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

நவராத்திரிக்குச் சில நாட்கள் இருக்கும்போது வைத்தியர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"வெரலு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு தாயி. எலும்புல கோளாறு இல்ல, நரம்புலயும் இல்ல. இனிமே எண்ண போட்டு ஆவப் போறது ஒண்ணுமில்ல. வராத."

கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கைவிட்டால் எங்கே போவது? சினேகிதி வீட்டுக்கு வந்து இரும்புக் கட்டிலில் விழுந்தமாதிரி உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு சாயா போடப் போனாள். கட்டிலில் கிடார் கிடந்தது. எதையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. அதைத் தூக்கி, தம்பி வைத்துக்கொள்வதுபோல மார்போடு நிமிர்த்தி வைத்து, ஆட்காட்டி விரலால் ஓங்கி மீட்டப் போனேன். விரல் வழக்கம்போலச் சுருண்டது. சுருண்ட விரல் அந்தக் கட்டையில் போய்க் கொக்கியாக மாட்டிக்கொண்டது. அதன் பின்னாலேயே மற்ற விரல்களும் போய்க் கட்டையைப் பிடித்துக்கொண்டன.

கை அசையாமல் நின்றது. பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் கை தந்திப் பக்கத்தில் சண்டித்தனம் செய்யாமல் நின்றது. கட்டைவிரல் மட்டும் மேலே, தந்திகளுக்கு நேராக, சும்மா இருந்தது. அதைக் கீழே இறக்கினேன். தந்தி ஒலித்தது. மறுபடி இறக்கினேன். மறுபடி ஒலித்தது.

அப்போதுதான் பார்த்தேன். கட்டையின் அடிப்பக்கம், விரல்கள் பிடிக்கும் இடத்தில், பளபளவென்று தேய்ந்திருந்தது. வெளிநாடு போனவன் இதைத்தான் செய்திருக்கிறான். இது கம்பியைத் தாங்க வந்ததில்லை, தூக்குகிற பிடியும் இல்லை. கட்டைவிரல் வாசிக்கும்போது மற்ற நாலு விரல்களும் போக்கிடம் இல்லாமல் தவிக்காமல் இருக்க ஒரு இடம். அவை எதுவும் செய்ய வேண்டாம், பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும். பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் இதையே படித்தேன். அந்தக் கிடாரைச் செய்தவர்கள், வாசிக்கிற எல்லோரும் கட்டைவிரலால்தான் மீட்டுவார்கள் என்று நினைத்து அந்தக் கட்டையை அங்கே வைத்தார்களாம். வாசிக்கிறவர்கள் விரல்களால் மீட்டத் தொடங்கியதும் அது வெறும் இடைஞ்சலாகிவிட்டதாம். எனக்கு அதைத் தாராவியில் என் விரல்களே சொல்லிவிட்டன.

சாயாவோடு வந்த சினேகிதி, நான் அழுதுகொண்டே வர்ணத்தின் முதல் அடியைக் கூரை அதிராத மெல்லிய ஒலியில் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பின்னாலேயே வந்த தம்பியிடம் கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "ஓ" என்று வாயைப் பிளந்தான். அன்று முழுக்க அதையேதான் பேசினோம். திரும்பி வரும்போது சேறு, நாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது கட்டை அந்த இடத்தில் இல்லை. இரண்டு ஓட்டைகள் இருந்தன. கட்டை தந்திகளுக்கு மேல் பக்கத்துக்குப் போயிருந்தது.

"நீங்க சொன்ன பொறவுதான்க்கா புத்தி வந்திச்சு" என்றான் தம்பி, முகமெல்லாம் சிரிப்பாக. "வெரலு பிடிக்கத்தான இது? எனக்குக் கட்டவெரலு ஊணிக்கிட எடம் வேணும். கழட்டி மேல வச்சேன். இப்ப எப்பிடி ஓடுது பாருங்க!"

ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாற்றி மாற்றி, ஓட்டமாக ஓடின. அவனுடைய விரல்கள். நான் செய்ய முடியாததையெல்லாம் செய்தன. "யாரைக் கேட்டுக் கழட்டினே?" என்று கத்திவிட்டேன். அவன் கிடார், அவன் கட்டை. யாரைக் கேட்க வேண்டும்? அவன் மிரண்டு போய் அக்காவைப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை. வீட்டில் கொலு வைத்தாகிவிட்டது. தினமும் சுண்டலுக்கு வருகிறவர்கள் "வீணை இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். என் வீணையில் அப்படி ஒரு கட்டை வேண்டும்.

சினேகிதி என்னை உற்றுப் பார்த்தாள். "வீணையிலயா? ஒங்க வீட்டுல அத சாமியா கும்பிடுவீயன்னு சொன்னியே." தம்பி ஒரு சின்ன ரம்பத்தையும் ஸ்க்ரூ டிரைவரையும் இரண்டு ஸ்க்ரூவையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

பூஜைக்கு முந்தின நாள் லீவு போட்டேன். அப்பா ஆபீஸ் போனார். அம்மா கறிகாய் வாங்க மார்க்கெட் போனாள். வீட்டில் கட்டைக்கு ஆகும் மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அப்பாவின் உருண்டை ரூலர். நான் சாதகம் பண்ணும்போதெல்லாம் அதால்தான் மேஜையில் தாளம் தட்டுவார். அதில் ஒரு துண்டு அறுத்தேன். தாளத் தந்திகள் வழியில் நின்றன. மூன்றையும் கழற்றினேன். தாராவியில் இல்லாத மூன்று தந்திகளைக் கண்டுபிடித்தவள், மாட்டுங்காவில் இருந்த மூன்றையும் எடுத்துப் போட்டேன். முதலில் ஆணி வேண்டாம் என்று மெழுகை உருக்கி ஒட்டிப் பார்த்தேன். விரல்கள் சுருண்டு இழுத்ததும் பெயர்ந்து கையோடு வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? வீணைக் குடத்தின் மேல்பலகையில் ஆணியை வைத்துத் தட்டி ஓட்டை போட்டேன். அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. "மன்னிச்சுக்கோம்மா, மன்னிச்சுக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்கினேன். பிறகு நானே பட்டுத்துணியைப் போர்த்திப் பூஜை இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டுப் பூரித்துப் போனாள்.

விஜயதசமி காலையில் செம்பூரிலிருந்து சித்தி, சித்தப்பா, குழந்தை மூன்று பேரும் வந்தார்கள். சித்தி கையில் மடித்த பழைய பெட்ஷீட் ஒன்று இருந்தது. வீணையைச் சுற்றி எடுத்துப் போகத்தான் அது என்று எனக்குப் புரிந்தது. அம்மா கற்பூரம் காட்டிவிட்டுத் துணியை விலக்கினாள்.

"என்னடி இது?" அம்மா கட்டையைச் சுட்டினாள். "சரஸ்வதி மேல ஆணி அடிச்சிருக்கியே, பாவி!"

அப்பா குனிந்து பார்த்தார். கட்டையை அடையாளம் கண்டுகொண்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் வீணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விரல்கள் சுருண்டன. சுருளட்டும். ரூலரை இறுகப் பிடித்துக்கொண்டன. கட்டைவிரலால் மீட்டினேன்.

வீணையின் கணீர் ஒலி இல்லை. நகம் படாத, சதை மட்டும் படுகிற, அடைத்துக்கொண்ட குரல். ஜலதோஷம் பிடித்தவள் பாடுவதுபோல இருந்தது. வேகம் போக முடியவில்லை. தாளம் போடத் தந்தியும் இல்லை, விரலும் இல்லை. ஆனாலும் வர்ணம் அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது. பாதியில் அப்பாவின் கை அவருடைய தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. ஒரு ஆவர்த்தனம், ஒரு முழுச் சுற்று, போட்டது. அவரே அதைக் கவனித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நான் கடைசிவரை வாசித்து முடித்தேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள்.

முதலில் பேசியது சித்திதான். "ஓட்டை போட்ட வீணையை வெச்சுண்டு என்ன பண்றது? பின்னமானதை ஆத்துல வெக்கப்படாதும்பா. எங்களுக்கு வேண்டாம்." பெட்ஷீட்டை மறுபடி சின்னதாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். குழந்தை மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்கள் போனபிறகு அப்பா சொன்னார். "இனிமே இது பூஜைக்கு வேண்டாம்." மிச்சமிருந்த ரூலர் துண்டை அவர் பிறகு தொடவே இல்லை. வீணை டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில், குடைகள் சாத்தி வைக்கும் மூலைக்குப் போனது. வீணை எனக்கு மிஞ்சியது. கெடுத்ததால்தான் மிஞ்சியது. விரல்கள் இன்றுவரை நிமிரவில்லை.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் எங்கள் கட்டடமே நிசப்தமாக இருந்தது. மேல் மாடியில் பாட்டு சொல்லிக்கொள்ளும் பெண் வாயைத் திறக்கவில்லை. எதிர் வீட்டு ஃபிடில் பெட்டிக்குள் கிடந்தது. மாட்டுங்காவில் இருந்த வீணைகளெல்லாம் பட்டுத்துணிக்குள் கிடந்தன, என்னுடையதைத் தவிர. பூஜையில் வைக்காத வீணையை அன்று வாசிக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை. குடைகளை நகர்த்திவிட்டு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முதல் தந்தி ஒலித்ததும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து ஜன்னல்களைச் சாத்தினாள். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, திரும்பிப் போகாமல், கதவில் சாய்ந்து நின்றாள். நான் நிறுத்தவில்லை. விரல்கள் அப்பாவின் ரூலரைப் பிடித்துக்கொண்டிருந்தன.